காலுக்கும் ஒரு பலகை

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் மூன்று வயதுப் பிள்ளையின் முகத்தை எல்லோரும் பார்க்கிறோம். காலை யாரும் பார்ப்பதில்லை. பெரியவர்களுக்குச் செய்த நாற்காலியில் அந்தக் கால்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. சற்று நேரம் ஆடும். அப்புறம் ஒரு கால் மடங்கித் தொடைக்கு அடியில் போகும். அடுத்து பிள்ளை முழங்காலிட்டு எழுந்து மேசைமேல் சாயும். "ஒரு எடத்துல ஒழுங்கா உக்காந்து சாப்பிட மாட்டியா" என்று அதட்டல் விழும். பிள்ளைமேல் தவறில்லை. பாதம் ஊன்ற இடமில்லாத உடம்பு, ஊன்ற ஓர் இடத்தை ஓயாமல் தேடுகிறது. நம்மை ஓர் உயரமான மதில்மேல் கால் தொங்க உட்காரவைத்துக் குழம்புச் சோறு பிசைந்து சாப்பிடச் சொன்னால் அந்தப் பாடு நமக்கும் தெரியும்.

தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட காலத்தில் இது கிடையாது. பந்தியில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே தரை, இலைக்கும் ஒரே மட்டம். குழந்தைகளுக்கென்று நம் ஆசாரிகள் தொட்டில் செய்தார்கள், நடைவண்டி செய்தார்கள், மரப்பாச்சி செதுக்கினார்கள், சின்ன மணை இழைத்துக் கொடுத்தார்கள். நாற்காலி கேட்பாரில்லை. மேசை வீட்டுக்குள் வந்தபோது பெரியவர்களின் அளவைச் சுமந்துகொண்டு வந்தது. மேசை 29 அங்குலம், நாற்காலி 18 அங்குலம். மூன்று வயதுப் பிள்ளைக்கு முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை 9 அங்குலம் இருந்தால் அதிகம். மிச்சம் 9 அங்குலம் வெறும் காற்று. மேலே பார்த்தால் மேசை விளிம்பு பிள்ளையின் அக்குளைத் தொடுகிறது. அடியில் தலையணை போட்டு உயர்த்தினால் கை எட்டும். கால் இன்னும் உயரத்துக்குப் போய்விடும்.

இந்தக் காலைப் பார்த்த ஒரு தகப்பன் நார்வேயில் இருந்தார். பீட்டர் ஆப்ஸ்விக் என்பது பெயர். நாற்காலி வடிவமைப்பது தொழில், ஜாஸ் இசைப்பது ஆசை. அவருடைய இரண்டு வயது மகன் கைக்குழந்தை நாற்காலிக்குப் பெரியவனாகவும் மேசை நாற்காலிக்குச் சின்னவனாகவும் இருந்தான். கடைகளில் இருந்த எதுவும் பொருந்தவில்லை. அவர் வரைந்த நாற்காலியை ஸ்டோக்கே நிறுவனம் 1972இல் 'ட்ரிப் ட்ராப்' என்ற பெயரில் பீச் மரத்தில் செய்து விற்கத் தொடங்கியது. ஒரு கோடிக்கு மேல் விற்ற பிறகும் அதன் அடிப்படை வடிவம் அப்படியேதான் இருக்கிறது. பின்னால் சாய்ந்து நிற்கும் இரண்டு நிலைச் சட்டங்கள். அவற்றின் உட்புறத்தில் வரிசையாகக் காடிகள். காடிக்குள் நுழைந்து நிற்கும் இரண்டு பலகைகள்: ஒன்று உட்கார, ஒன்று கால் வைக்க. பிள்ளை வளர வளரப் பலகைகளை உருவி வேறு காடியில் செருகிக்கொள்ளலாம்.

நான் சொக்கிப்போனது அந்த இரண்டாவது பலகையில். அதற்கு முன்பும் குழந்தை நாற்காலிகளில் கால் தாங்கி இருந்ததுண்டு; ஒரு சின்னக் குறுக்குக் கம்பாக, ஒட்டவைத்த உபகாரமாக. ஆப்ஸ்விக், உட்காரும் பலகைக்கு என்ன மரம், என்ன கனம், என்ன காடியோ அதையே கால் பலகைக்கும் கொடுத்தார். பிருஷ்டத்துக்கும் பாதத்துக்கும் சம மரியாதை. பாதம் ஊன்றினால் பிள்ளை தன்னைத் தானே பின்னுக்குத் தள்ளிக்கொள்ளலாம், எழுந்து நிற்கலாம், திரும்பிப் பக்கத்துத் தட்டை எட்டிப் பார்க்கலாம். உட்கார்ந்த உடம்பு அசைந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. 1979இல் முழங்காலை மடித்து அமரும் 'பாலன்ஸ்' நாற்காலிகளில் ஒன்றை வடிவமைத்ததும் அதே எண்ணத்தில்தான்.

இந்த நாற்காலியைப் போல ஒன்றை எங்கள் வீட்டு வாசலிலேயே, பேத்திக்காக, ஆசாரியை வைத்துச் செய்தோம். ஆலங்குடிக்கும் கீரமங்கலத்துக்கும் இடைப்பட்ட எங்கள் பக்கத்தில் பீச் மரத்துக்கு எங்கே போவது? பலா இருந்தது. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரை ஏறியபோது வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம் வட்டாரத்தில் தென்னையும் பலாவும் மாவும் சாய்ந்து கிடந்ததை எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். பழம் கொடுத்துக்கொண்டிருந்த மரங்கள் ஒரே இரவில் விறகு விலைக்குப் போயின. எங்கள் கொல்லையில் விழுந்ததை விற்க மனம் வரவில்லை. மில்லில் கொடுத்துப் பலகையாக அறுத்து, இடையிடையே ரீப்பர் கொடுத்துக் காற்றோட்டமாக அடுக்கி, கொட்டகையில் வைத்திருந்தோம். வருடக்கணக்கில் நிழலில் காய்ந்த பலா. நாற்காலிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

பலா வைரத்தின் நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இழைப்புளி முதல் சுருளை எடுக்கும்போது உள்ளே மஞ்சள் விரிகிறது. கண்ணை உறுத்தாத, சற்றே பச்சை கலந்த மஞ்சள். அந்த மஞ்சளில் சாயம் இருக்கிறது. இலங்கையிலும் தாய்லாந்திலும் பௌத்தத் துறவிகளின் ஆடைக்குப் பலா வைரத்தின் செதுள்களைக் காய்ச்சித்தான் சாயம் எடுத்தார்கள். வெளிச்சம் படப்பட அந்த மஞ்சள் பொன்னாகி, தேனாகி, பல வருடம் கழித்துச் செம்பழுப்பில் போய் நிற்கும். பிள்ளையோடு சேர்ந்து நாற்காலிக்கும் வயதாவது நிறத்தில் தெரியும். பலாவுக்கும் எங்கள் புதுக்கோட்டைக்கும் கணக்கு வழக்கு பழசு. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய மான்பூண்டியா பிள்ளை புதுக்கோட்டைக்காரர். அந்தக் கஞ்சிராவின் வளையம் பலா மரத்தில் கடைந்தது. தஞ்சாவூர் வீணையின் குடமும் மிருதங்கத்தின் கட்டையும் பலாதான். தட்டினால் பதில் சொல்லும் மரம் அது. ஆசாரி பலகையைக் காது பக்கம் தூக்கி விரல் முட்டியால் தட்டிக் கேட்டுத்தான் சட்டத்துக்கு எது, பலகைக்கு எது என்று பிரித்தார். உள்ளே வெடிப்பு இருந்தால் ஓசை உடைந்து வரும்.

முதலில் சாய்வைப் பற்றிப் பேச்சு வந்தது. நிலைச் சட்டம் எவ்வளவு சாய வேண்டும்? பாகைமானி எதுவும் வரவில்லை. மூலைமட்டத்தைத் தரையில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு ஆசாரி கேட்டார்:

"அஞ்சுக்கு ரெண்டு வெப்பமாய்யா?"

ஐந்து அங்குலம் மேலே ஏறினால் இரண்டு அங்குலம் பின்னால் போவது. அந்த ஒரு விகிதத்துக்குள் எத்தனை காரியம் அடங்கியிருக்கிறது என்பது செய்து முடித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. பிள்ளை வளர்ந்தால் இருக்கை உயர வேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். மேசை நாற்காலியில் நடப்பது நேர்மாறு. மேசை அசையாது. பிள்ளையின் மேலுடம்பு நீளும்போது இருக்கை கீழே இறங்க வேண்டும். சட்டம் பின்சாய்ந்து நிற்பதால் கீழே இறங்கும் பலகை தானாகவே முன்னால் வருகிறது. எங்கள் கணக்கில் ஒரு காடி இறங்கினால் ஏறக்குறைய 5 நூல் (எட்டு நூல் ஓர் அங்குலம்). முதுகுச் சட்டம் மேலே இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே முதுகுக்கும் இருக்கையின் முன் விளிம்புக்கும் இடையிலுள்ள ஆழம் கூடுகிறது. வளர்ந்த பிள்ளைக்குத் தொடை நீண்டிருக்கும் அல்லவா? அந்தத் தொடைக்கு வேண்டிய இடத்தைச் சாய்வே கொஞ்சம் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. போதாததற்குப் பலகையைக் காடிக்குள் இன்னும் முன்னால் இழுத்துக்கொள்ளலாம். சின்ன வயதில் பலகையின் பின்பகுதி முதுகுச் சட்டத்துக்கு அடியால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வயது ஏற ஏற அது உள்ளே வந்துவிடும்.

அதே சாய்வு இன்னொன்றும் செய்கிறது. கால் பலகை இருக்கைக்குக் கீழே இருப்பதால் இருக்கையைவிட முன்னால் நிற்கிறது. உட்கார்ந்தவரின் பாதம் முழங்காலுக்கு நேர் கீழே விழ வேண்டிய இடம் அதுதான். யாரும் தனியாக யோசித்து முன்னால் தள்ளிவைக்கவில்லை. கோடு சாய்ந்தது, பாதத்துக்கு இடம் கிடைத்தது. மேலே உட்கார்ந்த பிள்ளையின் பாரமோ தரையில் கிடக்கும் பாதச் சட்டத்தின் நடுவில் வந்து இறங்குகிறது. எங்கள் நாற்காலியின் பாதச் சட்டம் 18 அங்குலம். முதுகுச் சட்டத்தையும் தாண்டிப் பின்னால் 5, 6 அங்குலம் ஓடுகிறது. பிள்ளை மேசையை உதைத்துப் பின்னால் சாய்ந்தாலும் கவிழாமல் பிடிப்பது அந்த நீட்டம்தான். ஒரே ஒரு சாய்கோடு உயரத்தையும் ஆழத்தையும் பாதத்தையும் பாரத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. இதைவிடச் சிக்கனமான ஒரு கோட்டை நான் எந்தத் தட்டுமுட்டுச் சாமானிலும் கண்டதில்லை.

இப்போது காடிக்கு வருகிறேன். வாசலில் வேலை நடந்தபோது நான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தது இந்தக் கட்டத்தைத்தான்.

நிலைச் சட்டம் 3½ அங்குல அகலம், 1¼ அங்குலக் கனம். காடியின் அகலம் 6 நூல். காடிக்கும் காடிக்கும் நடுவே விட்ட மரமும் 6 நூல். ஆழம் 2 நூல்தான். அதற்கு மேல் தோண்டினால் சட்டம் பலம் இழக்கும். குறைத்தால் பலகைக்குப் பிடிப்புப் போதாது. கீழே தரையிலிருந்து 4½ அங்குலத்தில் ஆரம்பித்து 24 அங்குலம் வரை ஒரு சட்டத்துக்கு 14 காடி. வலதும் இடதும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் அரை நூல் ஏறினாலும் பலகை ஒருச்சாய்ந்து நிற்கும்.

இதற்கு ஆசாரி அளவுகோலை நம்பவில்லை. இரண்டு சட்டங்களையும் ஜோடி சேர்த்து, உட்புறம் மேலே பார்க்கக் கிடத்தி, கவ்வியால் இறுக்கினார். சாய்வுக்கென்று செய்து வைத்திருந்த ஒரு பலகைத் துண்டை அச்சாக வைத்து, கத்தி முனையால் ஒவ்வொரு கோட்டையும் இரண்டு சட்டத்துக்கும் சேர்த்தே இழுத்தார். ஒரு சட்டத்தில் சாய்வு இப்படியென்றால் அடுத்ததில் எதிர்த் திசை. ஆகவே இரண்டும் சேரும் விளிம்பில் கோடு கூரை முகடு போல மடிந்து திரும்ப வேண்டும். விளிம்பில் கத்தி முனையை ஒரு கணம் நிறுத்தி, அச்சைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து அடுத்த கோடு. பென்சிலுக்குக் கனம் உண்டு, கத்திக் கோட்டுக்குக் கனம் கிடையாது. "கோட்டுலயே அர நூல் தின்னுரும்ங்கய்யா பென்சிலு" என்றார்.

அறுப்பதிலும் ஒரு நியாயம் இருந்தது. காடி மரத்தின் ஓட்டத்துக்குக் குறுக்கே போகிறது. நேரே உளியை வைத்து அடித்தால் நடுவில் விட்ட மரம் பிசிறு பிசிறாகப் பெயர்ந்து வரும். அதனால் முதலில் இரண்டு கோட்டின் உட்பக்கமாக வாளால் 2 நூல் ஆழம் அறுத்துக்கொண்டு, அந்த இரு வெட்டுக்கும் இடையிலிருப்பதைத்தான் உளியால் எடுத்தார். கொட்டாப்புளியின் தட்டல் இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி வந்தது. ஒரே பக்கமாக ஓட்டினால் மறு விளிம்பு உடையும். கடைசிச் செதுளை மட்டும் கொட்டாப்புளி இல்லாமல், உளியின் முதுகைக் கட்டைவிரலால் அழுத்தி, சீவி எடுத்தார். காடியின் அடித்தளம் கண்ணாடியாக இருந்தது. அங்கே யார் பார்க்கப்போகிறார்கள்? பலகை உள்ளே போனால் மறைந்துவிடும் இடம். ஆனாலும் பலகை உட்காரும் இடம் அதுதான். ஒரு செதுள் மிச்சமிருந்தாலும் அது மேலே கிரீச்சென்று பேசும்.

எல்லாக் காடியும் முடிந்து சட்டங்களை நிமிர்த்தி நிறுத்தியபோது மாலை வெயில் பக்கவாட்டில் விழுந்தது. 6 நூல் மஞ்சள், 6 நூல் நிழல், மறுபடி மஞ்சள், மறுபடி நிழல். நாற்காலி இன்னும் நாற்காலி ஆகவில்லை. அதற்குள் அதில் ஒரு அழகு வந்து குடியேறிவிட்டது. அலங்காரத்துக்கென்று அதில் ஒரு வெட்டும் கிடையாது என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

ஐரோப்பாவில் இந்த வியப்பு வழக்காகவே வந்திருக்கிறது. ட்ரிப் ட்ராப்பின் வடிவத்தையே ஒரு வணிகச் சின்னமாக என்றென்றைக்கும் வைத்துக்கொள்ள முடியுமா என்று ஸ்டோக்கேவுக்கும் ஹவுக் என்ற ஜெர்மன் நிறுவனத்துக்கும் இடையே வழக்கு. 2014 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அதில் விளக்கம் தந்தது. பொருளின் பயனிலிருந்தே பிறக்கும் வடிவத்தையும், பொருளுக்குக் கணிசமான மதிப்பைத் தரும் வடிவத்தையும் வணிகச் சின்னமாக்கி ஒருவர் முடக்க முடியாது என்பது அதன் சாரம். சாய்வும் காடியும் பயனா, அழகா என்று நீதிபதிகளே உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது என்பதை அந்த நாற்காலிக்குக் கிடைத்த பெரிய பாராட்டாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். (பதிப்புரிமை வேறு விஷயம். வீட்டுப் பிள்ளைக்குச் செய்வது ஒன்று. அச்சு அசலாகச் செய்து கடை போடுவது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள்.)

பலகையின் கனத்தை 6 நூலுக்கு ஒரு தாள் அளவு குறைவாக இழைத்தார் ஆசாரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் நீர் குடித்து உப்பும். சித்திரை வெயிலில் சுருங்கும். எங்கள் மாவட்டத்தின் கோடையைத் தாங்கிய மரக்கதவு எதைக் கேட்டாலும் சொல்லும். மரம் உப்புவது ஓட்டத்துக்குக் குறுக்கேதான். நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. இந்த நாற்காலியின் பலகைகளில் மரத்தின் ஓட்டம் இடமிருந்து வலமாகப் போகிறது. எனவே இரண்டு சட்டங்களுக்கும் நடுவிலுள்ள நீளம் மழையிலும் வெயிலிலும் மாறுவதில்லை. சட்டங்களை நெட்டித் தள்ளுவதும் இல்லை, காடியிலிருந்து கழன்று வருவதும் இல்லை. பலகை அகலத்தில் உப்பினால், முன்னும் பின்னும் உப்பும். அந்தத் திசையில்தான் காடி திறந்திருக்கிறது! மரம் மூச்சு விடும் பக்கத்தில் வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். இந்த நுட்பத்தை நினைத்து நினைத்து நான் மகிழ்ந்திருக்கிறேன்.

இறுக்கத்துக்கு இரண்டு இரும்புக் கம்பிகள். இரு முனையிலும் மரை வெட்டிய 3 நூல் கம்பி, வாஷர், நட்டு; ஆலங்குடி ஹார்டுவேர் கடையிலேயே கிடைத்துவிட்டது. கம்பி போகும் துளையைக் காடிகளுக்கு நடுவே விட்ட அந்த 6 நூல் மரத்தின் மையத்தில் போட்டார்கள். அதனால் எந்தக் காடியில் பலகையைச் செருகினாலும் கம்பி குறுக்கே வராது. நட்டை முறுக்கினால் இரண்டு சட்டங்களும் நெருங்கிவந்து பலகையின் இரு நுனிகளையும் கவ்விக்கொள்கின்றன. பசையும் இல்லை, ஆணியும் இல்லை. தளர்த்தினால் உருவலாம். பசை போட்டது பாதச் சட்டமும் நிலைச் சட்டமும் கூடுகிற முன் கோணத்தில் மட்டும். பாரம் முழுதும் அந்தக் கோணத்தை மடக்கப் பார்ப்பதால் அங்கே சாய்த்து வெட்டிய கழுந்து, பாதச் சட்டத்தை ஊடுருவிக் கீழே வரைக்கும் வந்து நிற்கிறது. நாற்காலியைக் கவிழ்த்தால் அந்தக் கழுந்தின் முகத்தைப் பார்க்கலாம். சுற்றிலும் முடி நுழையாத பொருத்தம்.

இதைப் பார்க்கும்போது எனக்கு ஆவுடையார்கோயில் நினைவு வந்தது. அறந்தாங்கியிலிருந்து மீமிசல் போகும் சாலையில் இருக்கும் அந்தக் கோயிலின் கொடுங்கைகளை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவர்கள் நம்மில் பலர். கல்லை மரமாக்கியிருக்கிறார்கள். வாரைகள் வரிசையாக இறங்குவதும், குறுக்குச் சட்டங்கள் அவற்றின்மேல் படிவதும், ஆணிக் குமிழ்கள் துருத்தி நிற்பதும் கல்லில் இருக்கின்றன. கல்லுக்கு ஆணி எதற்கு? தேவையே இல்லை. ஒரு சட்டம் இன்னொரு சட்டத்தைச் சந்திக்கும் இடத்தில் தச்சனின் கை என்ன செய்கிறது என்பதில் அந்தச் சிற்பிக்கு அவ்வளவு ஈடுபாடு. பொருத்தத்தை மறைக்காமல் அதையே காட்சியாக நிறுத்தினான். காடியும் கம்பியும் நட்டும் வெளியே தெரிய நிற்கும் இந்தச் சின்ன நாற்காலியை நான் அந்த வரிசையில்தான் வைப்பேன். எப்படி நிற்கிறது என்பதை அது ஒளிக்கவில்லை. நான்கு வயதுப் பிள்ளைகூடப் பார்த்துப் புரிந்துகொள்ளும்.

முதுகுச் சட்டங்கள் இரண்டும் தடித்த கட்டையிலிருந்து வளைவாக அறுத்து எடுத்தவை. விளிம்புகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். இருக்கையின் முன் விளிம்பு தொடையின் அடிப்புறத்தை அழுத்தும் இடம். அங்கே ஆசாரி இழைப்புளியைச் சாய்த்துச் சாய்த்துப் பல முகங்களாக எடுத்து, பிறகு உப்புத்தாளால் அந்த முகங்களைக் கரைத்து உருட்டினார். மூலைகளுக்கு டம்ளரைக் கவிழ்த்து வளைவு வரைந்துகொண்டார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு மணிக்கட்டின் உட்புறத்தை விளிம்பு நெடுகத் தேய்த்தார். உளி பிடித்துக் காய்த்த விரலுக்குப் பிசிறு தெரியாது, மணிக்கட்டுக்குத் தெரியும் என்றார். இரண்டு இடத்தில் நின்றார். திரும்ப உப்புத்தாள் போட்டார்.

பூச்சு, ஆளிவிதை எண்ணெயில் தேன்மெழுகு உருக்கிக் கலந்தது. சீக்கிரம் உலர்வதற்காக உலோக உப்புகள் சேர்த்த எண்ணெய் கடையில் விற்கிறது. பிள்ளை வாய் வைக்கிற சாமானுக்கு அது ஆகாது, பச்சை எண்ணெயே வேண்டும். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போட வேண்டும்.

அப்புறம் பேத்தியை உட்காரவைத்து அளந்தோம். அன்று இருக்கை 22½ அங்குலத்துக் காடியில், கால் பலகை 13½ அங்குலத்துக் காடியில். கணக்குப் போட்டுப் பார்த்தால் பத்து வயதுவாக்கில் இருக்கை 19½க்கு இறங்க வேண்டியிருக்கும். கால் பலகை 6 அங்குலத்துக்குப் போயிருக்கும். இருக்கை 2 காடி நகர்வதற்குள் கால் பலகை 5 காடி நகர்கிறது. பிள்ளை வளர்கிறது என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு முழங்காலுக்குக் கீழும் மேலும் நடக்கிற வளர்ச்சி என்பதை ஒரு மரச்சட்டம் இப்படி எண்ணிக் காட்டுகிறது. அதனால்தான் கால் பலகை அசையாத குழந்தை நாற்காலிகள் ஒரே வருடத்தில் பரணுக்குப் போய்விடுகின்றன.

பேத்தி உட்கார்ந்ததும் செய்த முதல் காரியம் இரண்டு பாதங்களையும் பலகையில் அகல ஊன்றியதுதான். பிறகு கைகளை மேசைமேல் வைத்தாள். முழங்கை மேசை மட்டத்துக்குச் சற்றுக் கீழே நின்றது. இட்லியை இரண்டு கையாலும் பிய்த்தாள். ஒரு கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டதல்லவா? அவளுடைய அப்பத்தாதான் அதை முதலில் கவனித்தவர். இப்போது ஏறுவதும் இறங்குவதும் அவளே. கால் பலகையில் ஒரு மிதி, இருக்கையில் முழங்கால், ஒரு திருப்பம். யாரும் தூக்கிவிட வேண்டியதில்லை. பலகையை ஒரு காடி இறக்க வேண்டிய காலம் வந்தால் அவளுக்கே தெரிகிறது. முழங்கால் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது என்று காட்டுகிறாள். ஸ்பேனரைக் கொண்டுவந்து நீட்டுவதும் அவள் வேலை.

செய்ய நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையை இப்படி வெறும் பலகையில் உட்காரவைக்க வேண்டாம். அவர்களுக்கு முன்னால் தடுப்பும் இடுப்புப் பட்டையும் வேண்டும், அது வேறு வேலை. கால் பலகையின் முன் விளிம்பு பாதச் சட்டத்தின் முன் நுனியைத் தாண்டி வரக் கூடாது. தாண்டினால் பிள்ளை அதில் ஏறி மிதிக்கும்போது நாற்காலி முன்னால் கவிழும். கீழ்க் காடிகளுக்கு இறக்கும்போது பலகையைப் பின்னால் தள்ளி வையுங்கள். நட்டுகளை அவ்வப்போது கையால் பார்த்துக்கொள்ளுங்கள். பலா கிடைக்காத ஊரில் வேம்பு போதும், வாகை போதும், நன்றாகக் காய்ந்திருந்தால்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஆசாரியைக் கூப்பிடுவதற்கும் முன்னால், பிள்ளையைத் தரையில் நிற்கவைத்து முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மேசையின் உயரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். ஆசாரி வந்ததும் அந்த இரண்டு அளவையும் கொடுத்து, கால் பலகையிலிருந்து வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.